வெளியில் விறகு பாய்லர் வைக்கப் போகிறீர்களா? முதலில் விறகை வெட்டிப் போடுங்கள்

நியூயார்க் என்றால் எல்லாருக்கும் மன்ஹாட்டன்தான் நினைவுக்கு வரும். நாங்கள் இருப்பது அதே மாநிலத்தில், ஆனால் அங்கிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டி வரவேண்டிய பிங்ஹாம்டன் பக்கத்து மலைக்காடு. ஊரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் கேஸ் குழாய் கிடையாது, ஹீட்டிங் ஆயிலோ புரொப்பேனோ லாரியில் வந்து நிரப்பிவிட்டுப் போவார்கள். ஜனவரியில் சில இரவுகள் மைனஸ் 20 செல்சியஸ் வரை இறங்கும், பில்லைப் பார்த்தால் குளிரை விட அதுதான் நடுக்கும். வீட்டைச் சுற்றி மரம், கையில் செயின்சா, பிறகென்ன என்று நினைத்துத்தான் நானும் வெளியில் வைக்கும் விறகு பாய்லருக்கு மாறினேன். முதல் வருடம் நான் செய்த தப்பையெல்லாம் நீங்கள் செய்ய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தமிழர்களுக்கு விளக்குவது சுலபம். நம் ஊர்க் குளியலறை மூலையில் செம்பு பாய்லர் ஒன்று நிற்குமே, நடுவில் நெருப்புக் குழல், சுற்றிலும் தண்ணீர், கீழே சாம்பல் தட்டு, அதேதான். அதைத் தோட்டத்துக் குளியலறை அளவுக்குப் பெரிதாக்கி, வெளியே தகரமும் காப்பு நுரையும் போர்த்தி, வீட்டுக்கு நூறடி தள்ளி நிறுத்திவிட்டால் இந்த பாய்லர். சுற்றியிருக்கும் நீர் சுமார் 180 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 80 செல்சியஸுக்குச் சற்று மேல் சூடாகிறது, பம்ப் அதை மண்ணுக்கடியில் போகும் குழாய் வழியாக வீட்டுக்குள் அனுப்புகிறது, உள்ளே சூட்டை மட்டும் இறக்கிவிட்டு தண்ணீர் திரும்பி வருகிறது. நெருப்பும் புகையும் சாம்பலும் வெளியிலேயே நின்றுவிடுகின்றன. பெரும்பாலான மாடல்கள் அழுத்தம் ஏறாத திறந்த அமைப்பு, மேலே காற்றுப்போக்கி உண்டு, அதனால் வெடிக்கும் பயம் வேண்டாம். அளவுக்கு மீறிக் கொதித்தால் ஆவி மேலே போய்விடும்.

புதிதாக வருகிற எல்லாரும் எந்த பிராண்டு வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். தப்பான கேள்வி அது. காய்ந்த விறகு இருக்கிறதா, மண்ணுக்குள் என்ன குழாய் போகிறது, இந்த இரண்டும் சரியாக இருந்தால் சுமாரான பாய்லர்கூட வீட்டைக் கதகதப்பாக வைத்திருக்கும். இந்த இரண்டும் கெட்டுப்போனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் புகைதான் கக்கும்.

விறகு

பாய்லர் வாங்குவதற்கு ஒரு வருடம் முன்பே விறகு வெட்டிப் பிளந்து அடுக்கிவிடுங்கள். ஓக் என்றால் இரண்டு வருடம். பச்சை மரத்தில் எடையில் பாதி வரைக்கும்கூட தண்ணீர் இருக்கும். அடுப்பில் போடும்போது அது 20 சதவீதத்துக்குக் கீழே வந்திருக்க வேண்டும். பச்சை ஓக் எரித்தால் அதற்குள் இருக்கும் தண்ணீரை ஆவியாக்கி வானத்துக்கு அனுப்பவே சூட்டில் ஒரு பங்கு வீணாகிறது, நெருப்பும் குளிர்ந்துபோய், சரியாக எரியாத புகை தாராகப் புகைபோக்கியின் உள்சுவரில் ஒட்டுகிறது.

கார்ட் என்பது இங்கே விறகு அளக்கும் கணக்கு: 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம், மொத்தம் 128 கன அடி அடுக்கு. விற்பவர்கள் ஃபேஸ் கார்ட் என்று ஒன்று சொல்வார்கள், அது உயரமும் நீளமும் அதே, ஆனால் கட்டை 16 அங்குலம்தான், ஆக மூன்றில் ஒரு பங்கு. விலை கேட்கும்போது இதைத் தெளிவுபடுத்திக் கொள்ளாவிட்டால் ஏமாந்து நிற்பீர்கள். நன்றாகக் காய்ந்தது என்று சொல்லி ஒருவர் எனக்கு இறக்கிவிட்டுப் போன லோடில் ஈரமானி 34 சதவீதம் காட்டியது. அவர் பொய் சொன்னார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். மரத்தை வெட்டி நீளக் கட்டையாகவே ஒரு வருடம் போட்டு வைத்து, விற்கும் வாரம் பிளந்தால் அவர் கணக்கில் அது காய்ந்த விறகு. பட்டையோடு கிடக்கும் முழுக்கட்டை காயவே காயாது, பிளந்தால்தான் காற்று உள்ளே போகும். ஈரமானி இருபது முப்பது டாலருக்குக் கிடைக்கிறது. கட்டையின் வெளிமுகத்தில் குத்திப் பார்த்து ஏமாறாதீர்கள், அங்கேயே ஒன்றைப் பிளந்து புதிதாகத் திறந்த உள்முகத்தில் குத்துங்கள்.

எவ்வளவு விறகு வேண்டும்? போன குளிர்காலத்தில் எத்தனை காலன் ஆயில் எரிந்தது என்ற பில்லை எடுங்கள். 900 காலன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலனில் 1,38,500 பிடியூ (இங்கே சூட்டை அளக்கும் அலகு), பழைய ஆயில் ஃபர்னஸ் 85 சதவீதத்தை வீட்டுக்குத் தருகிறது என்றால் வீட்டுக்கு உண்மையில் தேவைப்பட்டது ஏறக்குறைய 10.6 கோடி பிடியூ. கலப்புக் கடின மரம் ஒரு கார்ட்டில் 2.2 கோடி இருக்கும், நல்ல பாய்லர் அதில் 65 சதவீதத்தை இறக்கினால் 1.43 கோடி. வகுத்துப் பார்த்தால் ஏழரை கார்ட். பழைய காலத்துப் புகைக் குடோன் பாய்லரில் 40 சதவீதம்கூட வராது, அப்போது அதே வீட்டுக்கு 12 கார்ட். ஏழரை கார்ட் என்றால் பத்து டன்னுக்கு மேல். அதை வெட்டும்போது ஒரு தடவை, பிளக்கும்போது ஒரு தடவை, அடுக்க, எடுக்க, உள்ளே போட என்று ஒவ்வொரு கட்டையையும் ஐந்து தடவை கையில் தூக்குவீர்கள். விறகு பல தடவை சூடாக்கும் என்று இங்கே சொல்வதை நான் முதலில் நகைச்சுவை என்று நினைத்திருந்தேன்.

எங்கள் பக்கம் இப்போது ஆஷ் மரம் மலிவு, காரணம் சோகமானது. எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு பட்டைக்கடியில் துளைத்துத் துளைத்து மலை மலையாகக் கொன்றுவிட்டது. ஆஷ் நல்ல விறகு, சீக்கிரம் காயும், பிளப்பதும் சுலபம். ஆனால் செத்து நிற்கும் ஆஷை நீங்களாக வெட்டப் போகாதீர்கள். கிளைகள் சொல்லாமல் கொள்ளாமல் முறிந்து தலையில் விழும், அனுபவமுள்ள மரவெட்டிகளே யோசிப்பார்கள். கீழே விழுந்ததை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது ஆள் வைத்து வெட்டுங்கள். அப்புறம் ஒன்று, அந்த வண்டு பரவக் கூடாது என்று நியூயார்க்கில் சூட்டில் பதப்படுத்தாத விறகை அது வெட்டிய இடத்திலிருந்து 50 மைலுக்கு மேல் கொண்டுபோகத் தடை இருக்கிறது. தூரத்து நண்பர் சும்மா தருகிறார் என்று டிரக்கை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

பைன் எரிக்கலாமா என்று கேட்பார்கள். காய்ந்திருந்தால் தாராளமாக எரிக்கலாம், வெள்ளை பைனில் ஒரு கார்ட்டுக்கு ஒன்றரைக் கோடி பிடியூதான் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். அக்டோபரிலும் ஏப்ரலிலும் அதைப் போட்டுத் தீர்த்துவிட்டு ஓக்கை ஜனவரிக்கு வைத்துக்கொள்வது என் பழக்கம்.

பாய்லரும் இடமும்

பழைய மாடல்களில் நெருப்பைச் சுற்றி நேராகத் தண்ணீர், அதனால் நெருப்பு எப்போதும் குளிர்ந்தே இருக்கும், சூடு போதும் என்றதும் காற்றுக் கதவு மூடிக்கொண்டு உள்ளே புகைந்துகொண்டே கிடக்கும். புதியவற்றில் விறகிலிருந்து கிளம்பும் வாயுவைத் தனியாக ஓர் அறைக்குள் இழுத்து, 600 செல்சியஸுக்கு மேலான சூட்டில் இரண்டாவது முறை எரிக்கிறார்கள், புகையே எரிபொருளாகிவிடுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் புகைக் கட்டுப்பாட்டு விதி 2015-இல் வந்து, 2020 மே மாதத்திலிருந்து இன்னும் இறுகிவிட்டது. சான்றிதழ் உள்ளதை மட்டும் பாருங்கள். மினசோட்டாவில் கிரீன்புஷ் ஊரின் சென்ட்ரல் பாய்லர், கனடாவில் விங்க்ளர் ஊரின் ஹீட்மாஸ்டர் போன்றவை பலரும் வைத்திருப்பவை. விலை 10,000 டாலரைத் தாண்டும், குழாயும் வேலைக்கூலியும் தனி. இணையத்தில் இரண்டாயிரத்துக்கு ஒரு பழைய பாய்லர் விற்பனைக்கு வரும், மனம் சபலப்படும். இந்த மாநிலத்தில் 2011 முதலே அதைப் புதிதாக நிறுவ முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

பெரிதாக வாங்கிவிட்டால் நல்லது என்று நினைப்பதுதான் இதில் பொதுவான தப்பு. தேவைக்கு மீறிய பாய்லர் பெரும்பாலான நாளும் நெருப்பை அடக்கியே வைத்திருக்கும், அடங்கிய நெருப்பு புகையும் தாரும்தான் தரும்.

இடத்துக்கு முதலில் டவுன் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், சில ஊர்களில் வெளி பாய்லருக்கே அனுமதியில்லை. மாநில விதிப்படி புதிதாக வைக்கும் வீட்டு பாய்லர் எல்லைக்கோட்டிலிருந்து 100 அடியாவது உள்ளே இருக்க வேண்டும், புகைபோக்கி தரையிலிருந்து 18 அடியாவது உயர வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள். இங்கே குளிர்காலக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும், ஆகவே வீட்டுக்கு மேற்கே வைத்தால் புகை உங்கள் ஜன்னலுக்குத்தான். கிழக்கே வைத்தால் அடுத்த வீட்டுக்காரர் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பள்ளமான இடத்தில் விடியற்காலைப் புகை மேலே ஏறாமல் அப்படியே படுத்துக் கிடக்கும். இன்னொன்று, இரவு பத்து மணிக்கு முழங்கால் பனியில் அதுவரை நடந்து போகப்போவது நீங்கள்தான், விறகுக் கொட்டகையும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மண்ணுக்குள் போகும் குழாய்

இந்தப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன். எங்கும் வெண்பனி, பாய்லரிலிருந்து வீடு வரைக்கும் மட்டும் பனி உருகிப் பச்சைப் புல் ஒரு கோடு போட்டதுபோல. அழகாகத்தான் இருந்தது. அந்த மனிதர் குளிர்காலம் முழுக்கப் புல்வெளியைச் சூடாக்கிக் கொண்டிருந்தார்!

மலிவுக் குழாயில் பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் வெந்நீர்க் குழாயைச் சுற்றி வெள்ளித்தாள் குமிழ் உறை சுற்றி, கறுப்பு வடிகால் குழாய்க்குள் நுழைத்து விற்பார்கள். நிலத்தடி ஈரம் உள்ளே ஏறியதும் அது வெந்நீர்க் குழாயை ஊற்றுநீரில் போட்டு வைத்த மாதிரி. மூடிய நுரை முழுதுமாக நிரப்பி வார்த்த குழாயை வாங்குங்கள், அடிக்கு 15 டாலர் பக்கம் ஆனாலும் சரி. பாய்லரில் 2,000 மிச்சம் பிடித்தால் பரவாயில்லை, இதில் பிடிக்காதீர்கள், ஏனென்றால் பாய்லரை மாற்றலாம், புதைத்த குழாயைத் தோண்டி எடுக்க யாருக்கும் மனம் வராது. போகும் குழாய், திரும்பும் குழாய் என்று இரண்டு. வருங்காலத்தில் எதற்காவது தேவைப்படும் மின் ஒயருக்கும் ஒரு காலிக் குழாயைச் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

விட்டம் எவ்வளவு? நிமிடத்துக்கு ஒரு காலன் நீர் 20 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டை இறக்கினால் மணிக்குச் சுமார் 10,000 பிடியூ. வீட்டுக்கு மணிக்கு 80,000 வேண்டுமென்றால் எட்டு காலன் ஓட வேண்டும். நூறடிக்குள் ஒரு அங்குலக் குழாய் சமாளிக்கும், தூரம் கூடினால் ஒன்றே கால் அங்குலம் போடுங்கள், இல்லையென்றால் பம்பைப் பெரிதாக்கி அதற்கு மின்சாரம் கட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

பள்ளம் தோண்டுமுன் 811-க்கு அழையுங்கள், இலவசம், வந்து மின்கம்பி, போன் கம்பி, கேஸ் எல்லாம் எங்கே போகிறது என்று வண்ணம் அடித்துக் காட்டிவிட்டுப் போவார்கள். இரண்டடி ஆழம் பொதுவாகப் போதும். ஆழத்தை விட, அங்கே தண்ணீர் தேங்காமல் இருப்பதுதான் முக்கியம்.

வீட்டுக்குள்

உங்கள் வீட்டில் சூடான காற்று வரும் ஃபர்னஸ் என்றால், கார் ரேடியேட்டர் மாதிரி ஒரு காயிலை அதன் மேல்பெட்டியில் உட்காரவைப்பார்கள், ஃபர்னஸின் மின்விசிறியே காற்றை அதன் வழியே தள்ளும். சுவரடியில் தண்ணீர் ஓடும் பேஸ்போர்டு என்றால் தட்டு வெப்பமாற்றி, இரண்டு தண்ணீரும் கலக்காமல் தகடு வழியே சூடு மட்டும் மாறும். குளியல் வெந்நீருக்கும் ஒரு சிறிய தட்டு வெப்பமாற்றியை வாட்டர் ஹீட்டருக்கு முன்னால் வைக்கலாம், ஆனால் அதற்குப் பின்னால் பச்சைத் தண்ணீர் கலந்து சூட்டைக் குறைக்கும் கலவை வால்வு கட்டாயம் வேண்டும். 180 டிகிரித் தண்ணீர் குழாயில் வந்தால் குழந்தையின் கை என்னாகும் என்று யோசியுங்கள். 120 ஃபாரன்ஹீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் ஃபர்னஸைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். இரண்டு தெர்மோஸ்டாட் வையுங்கள், விறகுக்கு 70 ஃபாரன்ஹீட், ஆயிலுக்கு 62. நெருப்பு அணைந்துபோன இரவில் அது தானாக ஓடி வீட்டைக் காப்பாற்றும். குழாய் இணைப்பு ஓரளவு தெரிந்தவர் தானே செய்யலாம், மின் இணைப்பை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், அது மழையிலும் பனியிலும் நிற்கும் கருவி.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள், திரும்பி வரும் நீர் 140 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளும் வெப்ப வால்வு. நீர் அதைவிடக் குளிர்ந்து திரும்பினால் நெருப்பறையின் இரும்புச் சுவரில் புகையின் ஈரம் படிந்து அமிலமாகி, சில வருடத்தில் இரும்பை ஓட்டை போடும்.

முதல் நெருப்பு

தண்ணீர் நிரப்பும்போதே கம்பெனி சொல்லும் துருத்தடுப்பு மருந்தைச் சேருங்கள், வருடத்துக்கு ஒருமுறை ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். குழாயில் நிற்கும் காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகுதான் பற்றவையுங்கள், பம்பில் கலகலவென்று சத்தம் வந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.

முதல் நாள் நெருப்பறைக்குள் சுவரெல்லாம் வியர்த்து, கீழே தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பாய்லர் ஒழுகுகிறது என்று விற்றவருக்கு போன் செய்து, அவர் சிரித்து, சூடேறட்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். குளிர்ந்த சுவரில் சூடான புகை படும்போது சொம்பின் வெளியே ஜில்லென்று நீர் கோர்ப்பது போலத்தான் அது. 150 டிகிரி தாண்டியதும் நின்றுவிடும், அதுவரை சிறு சுள்ளியும் சிறாயுமாக நிதானமாக எரியுங்கள், உடனே வயிறு முட்டப் போட்டு அடைக்காதீர்கள்.

புதிய வகை பாய்லருக்கு அடியில் நல்ல தணல் படுக்கை வேண்டும், அது இல்லாமல் இரண்டாவது எரிப்பு தொடங்காது. காலையில் தணலைக் கிளறி முன்னுக்கு இழுத்து, அதன்மேல் நாலைந்து அங்குலத் தடிமனுக்குப் பிளந்த கட்டைகளை அடுக்குங்கள். முழு உருண்டைக் கட்டை போட்டால் அடியில் எரிந்து மேலே பாலம்போல் தொங்கிக்கொண்டிருக்கும், நெருப்பு கீழே பட்டினி கிடக்கும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, அடுத்த பன்னிரண்டு மணி நேரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. இன்றிரவு மைனஸ் 20 செல்சியஸ் என்றால் நிரப்புங்கள், பனி உருகும் நாளில் கால்வாசி.

கதவைத் திறப்பதில் ஒரு முறை இருக்கிறது, இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள். முதலில் புகைபோக்கிக்குப் போகும் மாற்றுவழியைத் திறந்து ஒரு நிமிடம் நில்லுங்கள். பிறகு கதவை ஓர் அங்குலம் மட்டும், பக்கவாட்டில் நின்றுகொண்டு. அரை நிமிடம் கழித்து முழுதும். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே தேங்கிய வாயு காற்றைக் கண்டதும் குப்பென்று பற்றி முகத்துக்கு வரும். ஒருநாள் அவசரத்தில் என் இடது புருவம் போனது, வளர இரண்டு மாதம் ஆனது.

குப்பை, பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பலகை, மருந்தேற்றிப் பதப்படுத்திய மரம் எதுவும் உள்ளே போகக் கூடாது. வீட்டுக்கு வெளியே டெக் போட்ட பழைய மருந்தேற்றிய பலகைகளில் ஆர்செனிக் இருக்கும், எரித்தால் அது புகையிலும் சாம்பலிலும் வரும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் எடுத்து வீட்டுக்கும் கொட்டகைக்கும் தள்ளி வையுங்கள், மேலே வெள்ளையாக ஆறிப்போய்த் தெரிந்தாலும் உள்ளே கங்கு மூன்று நாள் உயிரோடு இருக்கும்.

கரண்ட் போனால், ஊருக்குப் போனால்

பனிப்புயலில் கரண்ட் போனால் பம்ப் நிற்கும், காற்றுக் கதவு மூடிக்கொள்ளும், பாய்லரில் கொஞ்ச நேரம் கொதிக்கும், குழாயிலோ சூடு இறங்கி இறங்கி ஒரு கட்டத்தில் உறைய ஆரம்பிக்கும். பம்பும் ஊதுகாற்றியும் மட்டும் ஓட 2,000 வாட் ஜெனரேட்டர் தாராளம். அதை வீட்டுக்குள்ளும் கராஜிலும் வைத்து ஓட்டக் கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாமல் கொல்லும்.

பொங்கலுக்கு இந்தியா போகிறவர்கள் கவனிக்கவும். மூன்று வாரத்துக்குத் தினமும் இரண்டு வேளை வந்து விறகு போடும் அண்டைவீட்டார் யாருக்கும் கிடைக்க மாட்டார். நான் செய்வது இது: நெருப்பை அணையவிட்டு, பம்பை மட்டும் ஓடவிட்டு, ஆயில் ஃபர்னஸை 58-இல் வைத்துவிடுகிறேன். ஃபர்னஸின் சூடான காற்று அதே காயில் வழியே போகும்போது வெளியே சுற்றும் தண்ணீருக்கும் கொஞ்சம் சூடு ஏறுகிறது, உறைவதில்லை. ஆயில் கொஞ்சம் செலவாகும்தான். நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது என்ற கவலை உள்ளவர்கள் தண்ணீரில் புரொப்பலீன் கிளைக்கால் கலந்துவிடலாம், வண்டிக்கு ஊற்றுகிற நச்சு எத்திலீன் வகை வேண்டாம். எப்படியானாலும் வாரம் ஒருமுறை வந்து பம்ப் ஓடுகிறதா என்று பார்க்க ஒருவரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஏப்ரல் கடைசியில் அணைத்துவிடுங்கள். குளியல் வெந்நீருக்காக மட்டும் கோடையில் ஓட்டினால் விறகும் வீண், ஜன்னல் திறந்து வைத்திருக்கும் அண்டைவீட்டாரின் நட்பும் போகும். அணைத்த அதே வாரம் சாம்பலைச் சுரண்டி முழுக்க எடுங்கள், ஈரச் சாம்பல்தான் இரும்பைத் தின்னும். சுவரில் கம்பித் தூரிகை போட்டு, மெலிதாக எண்ணெய் தடவி, புகைபோக்கியையும் தேய்த்துவிட்டு, அதன் வாயை ஒரு தகர வாளியால் கவிழ்த்து மூடிவிடுங்கள், மழை இறங்காது, குருவியும் கூடு கட்டாது. அக்டோபரில் பற்றவைக்கும்போது மேலே வாளி இருப்பது மறந்துபோகாமலிருக்க நெருப்பறைக் கதவின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன்.